கரடி கேட்க வந்தது

"ஆயுத பூஜை முடியட்டும், கஸ்தூரி. கண்டிப்பா உங்க அப்பாகிட்ட பேசிடறேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வருஷம் அவருக்குக் கால் சுளுக்கு. வலியில இருக்கறவர்கிட்ட போய்ப் பொண்ணு கேட்டா நல்லாவா இருக்கும்?"

"சரி, இந்தப் பொங்கலுக்கு?"

"அப்ப பிரமோஷன் வரலேன்னு கோபத்துல இருந்தாரு."

"அப்புறம்தான் பிரமோஷன் வந்துதே?"

"வந்ததுல ரொம்ப சந்தோஷமா இருந்தாரு. அதைப் போய்க் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில், நாடகத்துக்குச் சாமான் வாங்க வந்த சாக்கில் லட்சுமணன் இப்படிச் சொன்னது போன வாரம். அதை நினைத்தால் கஸ்தூரிக்குக் கோபம் வரும். கோபம் பாதி வந்துகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்துவிடும். அவளுடைய கஷ்டமே அதுதான். லட்சுமணன் மேல் முழுசாகக் கோபப்பட அவளுக்குத் தெரியவில்லை.

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் கஸ்தூரியின் வீடு. அப்பா பால்ராஜ் அங்கே இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் ஃபோர்மேன். மற்ற பிரிவுகளில் செய்து வருகிற பாகங்களை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் கண்ணாடியை மாட்டி அளந்து பார்த்து, சரியாக இருந்தால் தள்ளிவிடுவார். ஒரு நூல் பிசகியிருந்தாலும் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறி விழுந்தால் விழுந்ததுதான். மேலதிகாரியே வந்து சொன்னாலும் பால்ராஜ் அதை அழித்ததில்லை.

லட்சுமணன் அசெம்பிளி பிரிவில் ஃபிட்டர். சேலத்துக்காரன். அவனுடைய வேலையில் இதுவரை சிவப்புக் குறி விழுந்ததில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அவன் மேலேயே குறி விழுந்துவிடுமோ என்றுதான் பயம்.

அவர்கள் பழகியது மொட்டை மாடியால். குவார்ட்டர்ஸில் அந்த வரிசையில் முதலில் கலர் டிவி வாங்கியவர் பால்ராஜ். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்தார் எல்லாம் அவர் வீட்டு முன்னறையில்தான் இருப்பார்கள். காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். அதைச் சரி செய்ய யாரோ லட்சுமணனை அழைத்து வந்தார்கள். அவன் மேலேயிருந்து, "தெரியுதா?" என்பான். ஜன்னல் பக்கம் நின்று கஸ்தூரி, "இல்ல… இன்னும் கொஞ்சம்… போச்சு… ஆங், இப்பத் தெரியுது!" என்பாள். சில வாரங்களில் காற்றே இல்லாத நாளிலும் ஆன்டெனா திரும்ப ஆரம்பித்தது.

இரண்டு வருடமாகிவிட்டது. வீட்டில் சொல்லிவிடலாம் என்று கஸ்தூரி துடித்த போதெல்லாம் லட்சுமணன் ஒரே வார்த்தைதான் சொன்னான். "நீயா எதையும் சொல்லிடாத. வீட்டுக்கு வந்து, அவர் எதிர்ல நின்னு, முறையா நான்தான் கேக்கணும். இல்லேன்னா காலத்துக்கும் உங்க அப்பா என்னைப் பொண்ணை முன்னால விட்டுட்டுப் பின்னால ஒளிஞ்சவன்னுதான் நினைப்பார்." அது நியாயமாகத்தான் பட்டது. வாக்குக் கொடுத்தாள்.

இன்று காலை பூஜைக்கு டிவியையும் தையல் மிஷினையும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா பார்வதம் சாதாரணமாகச் சொன்னாள்: "ஏட்டி, நாளைக்கு விஜயதசமி. கோவில்பட்டியிலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. அந்த மாம்பழக் கலர் பட்டை எடுத்து வெளிய வை."

கையிலிருந்த குங்குமம் டிவியின் மேலேயே கொட்டிவிட்டது.

சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் விழா. எல்லாப் பிரிவும் ஆளுக்கொரு நிகழ்ச்சி. கஸ்தூரி நேராக மேடைக்குப் பின்னால் போனாள். அங்கே லட்சுமணன் கழுத்து வரைக்கும் கரடியாக இருந்தான்.

மிஷின் துடைக்கிற நூல் கழிவு இருக்கிறதே, எல்லோரும் வேஸ்ட்டு என்பார்கள், அதைக் கேட் பாஸ் எழுதி வாங்கி வெளியே கொண்டுவந்து, டீத்தூள் டிகாக்‌ஷனில் சாயம் ஏற்றி, பழைய ஓவரால் முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கைக்குக் கோணித் துணியில் பெரிய உறை. தலைக்கு ஒரு பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, அதிலும் வேஸ்ட்டு ஒட்டி, காதும் மூக்கும் வைத்திருந்தார்கள். அசெம்பிளி பிரிவின் கஜபதி அந்தத் தலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். திருமுல்லைவாயில்காரன். லட்சுமணனின் நண்பன். இருவர் விஷயமும் தெரிந்த ஒரே ஆள்.

"நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வராங்க," என்றாள் கஸ்தூரி.

கரடிக்கு வேர்த்துவிட்டது. "நாளைக்கா?"

"நாளைக்கேதான்."

"கேட்டியா மாமே," என்றான் கஜபதி. "நா அப்பவே சொன்னேன். நீ நல்ல நாள் பாத்துகினே இருப்ப, எவனாச்சும் வந்து தாலி கட்டிகினு பூடுவான். தங்கச்சி, நீ கவலப்படாத. இன்னிக்கு இவனக் கேக்க வெக்கறது என் பொறுப்பு."

"நாடகம் முடிஞ்ச உடனே கேட்டுடறேன்," என்றான் லட்சுமணன்.

"உடனேன்னா?"

"உடனேன்னா உடனே. இந்த வேஷத்தக் கழட்டி, முகம் கழுவி…"

"தீபாவளிக்கு வந்துடுவீங்க," என்றாள் கஸ்தூரி.

அப்போதுதான் அவள் கஜபதியைச் சரியாகப் பார்த்தாள். அவனும் கரடி வேஷம்தான், கிழக் கரடி. ஆனால் மூக்கில் ஒரு கண்ணாடி. கண்ணாடியின் இரண்டு காதிலும் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். பக்கத்தில் சிவப்புப் பெயின்ட் டப்பா, பிரஷ்.

"ஐயோ, இது எங்க அப்பா!"

லட்சுமணனும் திரும்பிப் பார்த்தான். "டேய், ஒத்திகையில இதெல்லாம் இல்லையேடா!"

"சும்மா ஒரு கலகலப்புக்கு, மாமே. உன் மாமனாரு சிரிப்பாரு பாரு."

"அவரு இதுவரைக்கும் சிரிச்சு எவனும் பாத்ததில்லடா! நான் இன்னிக்குப் பொண்ணு கேக்கணும்டா!"

மைக்கில் 'அடுத்ததாக அசெம்பிளி பிரிவினர் வழங்கும்' என்று சொல்லிவிட்டார்கள். கஜபதி கூடையைக் கவிழ்த்து லட்சுமணனின் தலையில் மாட்டி, பின்பக்கம் கயிற்றை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத் தன் கை உறைகளை மாட்டிக்கொண்டான்.

கஸ்தூரி ஓடிவந்து பெண்கள் பக்கத்தில் அம்மாவுக்கும் எதிர் வீட்டு நாகவல்லிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நடைபாதைக்கு அந்தப் புறம் ஆண்கள். முதல் வரிசையில் பால்ராஜ், மடியில் பொரியும் சுண்டலும் உள்ள பொட்டலத்தோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

திரை விலகியது. மேடை நடுவே ஒரு கதவு மட்டும். தொப்பி போட்ட குண்டுக் கரடி ஒன்று தயங்கித் தயங்கி நடந்து வந்து கதவைத் தட்டியது.

"ஐய! இது நம்ம ஞாயித்துக்கெயம கரடி!" என்று நாகவல்லி கை தட்டினாள். கூடம் முழுவதும் அதே சத்தம்.

அதைத் தெரியாதவர்கள் குவார்ட்டர்ஸில் கிடையாது. ஞாயிறு காலை வருகிற அந்த வெளிநாட்டுக் கார்ட்டூனில் பேச்சே கிடையாது. தொப்பிக் கரடி ஒன்று பெண் கேட்கப் போகும். கதவைத் தட்டும், கிழக் கரடி வந்து திறக்கும். தொப்பிக் கரடி வாயைத் திறப்பதற்குள் கொண்டு போன பூவை ஆடு தின்றுவிடும். இல்லையென்றால் மேலேயிருந்து பெயின்ட் வாளி விழும். கடைசியில் தேனீக்கள் வந்து துரத்தும். அத்தனை தடவை பார்த்தும் அந்தக் கரடி வாயைத் திறந்து கேட்டதே இல்லை. முன்னறையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது பால்ராஜ் மட்டும் நாற்காலியில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஆனால் கார்ட்டூன் முடிகிற வரைக்கும் அவர் பக்கத்தைத் திருப்பியதில்லை என்பதைக் கஸ்தூரி கவனித்திருக்கிறாள்.

மேடைக் கரடி பூ கொண்டு வரவில்லை. ரேஷன் வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டு வந்திருந்தது. கிழக் கரடி டின்னை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, டின்னோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

பெண்கள் பக்கம் அதிர்ந்தது. "அக்காங்! மண்ணெண்ண குட்த்தா எவன்தான் வுடுவான்!" என்றாள் நாகவல்லி. பார்வதம்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

கரடி மறுபடி தட்டியது. கிழக் கரடி கை நீட்டிக் கேட் பாஸ் கேட்டது. குண்டுக் கரடி உடம்பெல்லாம் தேடியது. தேடத் தேட வேஸ்ட்டு உதிர்ந்தது. கடைசியில் முதுகிலிருந்து எடுத்துக் கொடுத்தது. கிழக் கரடி பாஸிலிருந்த போட்டோவைத் தொட்டுக் காட்டியது, இதில் முடி இல்லையே என்பதுபோல். பிறகு கரடியின் கன்னத்தை இழுத்துப் பார்த்தது.

இப்போது ஆண்கள் பக்கம் பெஞ்சே ஆடியது. தினமும் காலையில் கேட்டில் நிற்கிறவர்கள் அல்லவா! ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தடவ ஷேவ் பண்ணிக்கினு வா, கரடி!" என்று கத்தினார்.

மூன்றாவது தடவை தட்டியபோது கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கிழக் கரடி, மரத்தில் செய்த ஆளுயர வெர்னியர் காலிப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து குண்டுக் கரடியின் மூக்கை அளந்துகொண்டிருந்தது. அளந்தது. கயிறு கட்டிய கண்ணாடியைத் தூக்கி, தள்ளி, மறுபடி அளந்தது. தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டியது. பிரஷை எடுத்துக் கரடியின் நெஞ்சில் பெரிதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டது.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. அதன் நடுவிலேயே ஒவ்வொன்றாகத் தலைகள் முதல் வரிசைப் பக்கம் திரும்பின. சிரிப்பு அங்கங்கே நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

பால்ராஜ் சிரிக்கவில்லை. அவர் கை தானாகப் போய்த் தன் கண்ணாடிக் கயிற்றைத் தொட்டது.

"இதை யாருட்டி எழுதுனது?" என்று பார்வதம் மெல்லக் கேட்டாள்.

"தெரியாதும்மா." கஸ்தூரியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"யாரா இருந்தாலும் லீவு முடிஞ்சதும் ஃபேக்டரியில தொலஞ்சான். உங்கப்பா மொகத்தப் பாத்தியா?"

பார்த்தாள். அந்த முகத்திடம் இன்று போய் எதையும் கேட்க முடியாது. நாளைக்கு மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு காபி டம்ளர் தட்டோடு நிற்க வேண்டியதுதான். மேடையில் குண்டுக் கரடியும் அப்படியே நின்றுவிட்டிருந்தது. கூடைக்குள்ளிருந்து அது முதல் வரிசையைத்தான் பார்க்கிறது என்று கஸ்தூரிக்குத் தெரிந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையே மறந்துவிட்ட நிற்பு அது. கஜபதி அதன் விலாவில் ஒரு குத்து விட்டான்.

கரடி கடைசி முறையாகக் கதவைத் தட்டியது. கிழக் கரடி திறந்தது. குண்டுக் கரடி தொப்பியைக் கழற்றி மண்டியிட்டது. கூடத்துக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. ஃபோர்மேன் முகத்தைக்கூட மறந்துவிட்டார்கள்.

"கேளுடா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"டேய் கய்தே, இன்னாடா பாத்துகினு கீற? வாயத் தொறந்து கேளுடா!" நாகவல்லி எழுந்தே நின்றுவிட்டாள். "எத்தினி வாரமா இதே ரோதன! கேட்டுத் தொலையேன்!"

கேளு, கேளு என்று எல்லாப் பக்கமும் கூச்சல். குண்டுக் கரடி கைகளைக் கூப்பியது.

தேனீக்களுக்குப் பதிலாக அந்த இடத்தில்தான் சங்கு ஊத வேண்டும். கரடி, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று விழுந்தடித்து ஓட வேண்டும். அதுதான் நாடகம். அதற்காகத் தீயணைப்புப் பிரிவிலிருந்து கையால் சுற்றுகிற பழைய சைரன் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்தவர் வேகமாகச் சுற்றிவிட்டார். மூடிய கூடத்துக்குள் அது ஃபேக்டரி சங்கைவிடப் பெரிதாக எழுந்தது.

அடுத்து நடந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆண்கள் பக்கம் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். சட்டைப் பையைத் தட்டிப் பாஸ் இருக்கிறதா என்று பார்த்தவர் ஒருவர். நாற்காலிக்கடியில் கையை விட்டுச் செருப்பைத் தேடியவர் ஒருவர். பெண்கள் பக்கம் பார்வதம், "ஐயையோ, இன்னும் சோறு கட்டலயே!" என்று பதறினாள். வருடக்கணக்காக இந்தச் சத்தத்துக்கு எழுந்து, குளித்து, ஓடிய உடம்புகள். விடுமுறை நாள், சாயங்காலம் என்பதெல்லாம் அந்த உடம்புகளுக்குத் தெரியாது.

எழுந்தவர்கள் எல்லோரும் அசடு வழிய உட்கார்ந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. பால்ராஜ் பொரிச் சுண்டல் பொட்டலத்தைச் சாப்பாட்டுக் கேரியர் மாதிரி கையில் பிடித்துக்கொண்டு நடைபாதையில் விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் நின்றார். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். சுவரிலிருந்த சீரியல் விளக்குகளைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பினார். மேடையில் கரடியும் ஓட மறந்து முட்டி போட்டபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் அது இருமல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பழைய மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்புகிற மாதிரி ஒரு சத்தம். நின்று, மறுபடி கிளம்பி, பிறகு ஓட ஆரம்பித்தது. பால்ராஜ் சிரித்தார். பொட்டலம் கையிலேயே பிரிந்து பொரி தரையெல்லாம் கொட்ட, கண்ணாடி கழன்று கயிற்றில் ஊஞ்சலாட, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதைப் பார்த்துக் கூடமே வெடித்தது.

"என்னங்க இது?" என்று பார்வதம் திகைத்தாள். "கல்யாணமான நாள்லேருந்து இந்தச் சத்தத்த நான் கேட்டதில்லையே!"

சிரிப்பு ஒருவழியாக அடங்கியதும் பால்ராஜ் நடைபாதையில் நின்றபடியே மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே கரடி! சங்கு ஊதுனா ஊதட்டும்லே. நீ வந்த காரியத்தச் சொல்லிட்டுப் போ. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நானும் பாக்கேன், நீ கேக்கவே மாட்டேங்கியே! அந்தக் கெழவன் ஒண்ணும் கடிச்சுத் தின்னுற மாட்டான்லே!"

கைத்தட்டல் பறந்தது. கரடி எழுந்து நின்றது. மேடையின் விளிம்பு வரைக்கும் வந்தது. இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டு போய்க் கூடையைக் கழற்றப் பார்த்தது.

முடியவில்லை. கோணி உறை போட்ட கைகளுக்கு முடிச்சு அகப்படவில்லை. இழுத்தது. குனிந்து இழுத்தது. வட்டம் சுற்றிச் சுற்றி இழுத்தது. கஜபதி அவிழ்க்க வந்தான். கிழக் கரடிக்கும் அதே உறைதான். இரண்டு கரடிகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றின. வேஸ்ட்டு பறந்தது. இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கூடம் புரண்டு புரண்டு சிரித்தது. பால்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. இவ்வளவு பேர் நடுவில், முகம் கழுவாமல், நல்ல நாள் பார்க்காமல், லட்சுமணன் அந்தத் தலைக்குள்ளிருந்து வெளியே வரத் தவிக்கிறான். கேட்பதற்குத்தான் தவிக்கிறான். இரண்டு வருடமாக அவள் பார்க்கக் காத்திருந்தது இதைத்தான். இனி அவன் கேட்டாலென்ன, அவள் கேட்டாலென்ன! அப்பா அவனை ஒளிந்தவன் என்று சொல்ல முடியாது. எல்லோர் கண்ணெதிரிலும்தான் நிற்கிறான். கூடைதான் விடவில்லை.

அவள் எழுந்தாள். "எங்கட்டி போற?" என்று அம்மா புடவையைப் பிடித்தாள். கஸ்தூரி மெல்ல விடுவித்துக்கொண்டு, நடைபாதையைக் கடந்து ஆண்கள் பக்கம் போனாள். ஒரு பெண் அங்கே வந்து நின்றதும் அருகிலிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். பிறகு அடுத்த வரிசை. மேடையில் கரடிகள்கூட அசையாமல் நின்றன.

பால்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "என்னம்மா? பாத்தியா அந்தப் பயலுகள?"

"பாத்தேன்பா." அவள் மூச்சை இழுத்து, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அந்தக் கரடி கேக்க வந்தது என்னைத்தாம்பா. எனக்கு அவரையே கல்யாணம் பண்ணி வைங்க."